இரண்டு இரவு, 28 மணி நேரம்

காலை நிகழ்ச்சியில் அண்மையில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, ஒரு நல்ல தீவில் வசதியாகத் தங்க வேண்டும், எங்கே போவீர்கள்? ஸ்கூடாய், மாசாய், கூலாய், உலு திராம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அழைப்புகள். மாலத்தீவு என்றார்கள், பாலி என்றார்கள், புக்கெட், லங்காவி என்றார்கள். ஒருவர் போரா போரா என்றார். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன், சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். மெர்சிங் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அழைத்தவர்களில் பெரும்பாலோர் மெர்சிங் படகுத்துறையிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருப்பவர்கள்.

அன்றைக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மாசாயிலிருந்து ஒரு பெண் பேசினார். கல்யாணமாகிப் பத்து வருடம். கணவர் விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். இவருக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள். நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது வாரத்தில் ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. 6,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறார். "மாலத்தீவுக்கு இது பத்துமாண்ணா?" என்று கேட்டார். பாட்டு முடியப் போகிறது, ஒரு நிமிடத்தில் என்ன சொல்ல முடியும்? பத்தியில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவருக்கும், அவரைப் போலப் பாலத்திலேயே பாதி ஆயுளைக் கழிக்கிற மற்றவர்களுக்கும் இந்த வாரப் பத்தி.

முதலில் பணத்தைத் தள்ளி வைத்துவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள். குறுகிய விடுமுறையில் நாம் காசு கொடுத்து வாங்குவது நேரத்தைத்தான்.

ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். மாலேக்கு விமானத்தில் சுமார் நாலரை மணி நேரம். இறங்கி, குடிநுழைவு முடிந்து, ரிசோர்ட் இருக்கும் தீவுக்குப் படகிலோ கடல் விமானத்திலோ போக வேண்டும். அந்தக் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் சாயந்திரம் இறங்கினால் அந்த இரவு மாலேயில்தான். எல்லாம் சரியாக அமைந்தாலே ஒரு வழிக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாது, போக வர ஒரு முழு நாள். மூன்று நாள் லீவில் ஒரு நாள் இப்படிப் போனால், தூங்கியது போக மிச்சம் என்ன?

செலவும் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவில் 2025 ஜனவரியிலிருந்து ரிசோர்ட் விருந்தினர்களுக்குப் பசுமை வரி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அமெரிக்க டாலர். நான்கு பேர், இரண்டு இரவு என்றால் 96 டாலர். சுற்றுலாப் பொருள் சேவை வரி 2025 ஜூலையிலிருந்து 17 விழுக்காடு, அதோடு வழக்கமான 10 விழுக்காடு சேவைக் கட்டணம். நான்கு விமான டிக்கெட் வாங்கிய பிறகு 6,000 ரிங்கிட்டில் என்ன நிற்கும் என்பதை அந்தச் சகோதரியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். மாலத்தீவு அழகில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரம் லீவும் அதற்கேற்ற பணமும் இருந்தால் போய் வாருங்கள். இரண்டு இரவுக்கு அது பொருந்தாது.

இப்போது மெர்சிங். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம், நடுவில் ரொட்டி சானாய்க்கு நின்றால் இரண்டரை. படகுத்துறையில் ஒரு மணி நேரம் காத்திருப்பு. ராவாத் தீவு கரையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், விரைவுப் படகில் அரை மணி நேரம். ஆக வீட்டு வாசலிலிருந்து மணலில் கால் வைக்கும் வரை நான்கு மணி நேரம்.

பெரும்பாலான ரிசோர்ட்டுகளில் பிற்பகல் 3 மணிக்கு அறை கொடுப்பார்கள், கிளம்பும் நாளில் காலை 11 மணிக்கெல்லாம் காலி செய்யச் சொல்வார்கள். இரண்டு இரவு என்பது 44 மணி நேரம். தூக்கத்துக்கு 16 போனால் கையில் 28. அறை வாடகை ஓர் இரவுக்கு 1,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம் (தீவுக்குத் தீவு, மாதத்துக்கு மாதம் மாறும், கணக்குக்காகச் சொல்கிறேன்). அந்த விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனியுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 8 விழுக்காடு சேவை வரி. 2024 மார்ச்சுக்கு முன் அந்த வரி 6 விழுக்காடாக இருந்தது. 1,500 என்று பார்த்தது 1,770 ஆகும். இரண்டு இரவுக்கு 3,540. வெளிநாட்டினருக்கு அறைக்கு ஓர் இரவு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு, நமக்குக் கிடையாது. நீல நிற அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

3,540-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 126 ரிங்கிட்டுக்கு மேல். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் மெர்சிங்கில் உங்கள் மூன்று மணி நேரத்தை, அதாவது ஏறக்குறைய 380 ரிங்கிட்டை, சத்தமில்லாமல் விழுங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. கடல் நீர் ஏறுவதும் வற்றுவதும்.

மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் அங்கே ஆழம் போதாது, படகுகள் வெளியேற முடியாது. அதனால் பேருந்து மாதிரி தினமும் 9 மணிக்கு ஒரு படகு, 2 மணிக்கு ஒரு படகு என்று நிலையான அட்டவணை கிடையாது. ஏற்றத்தின் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். படகு நேரமும் அதன் பின்னாலேயே போகும். ஒரு வாரம் தள்ளிப் பார்த்தால் ஐந்தாறு மணி நேர வித்தியாசம் வந்துவிடும். இந்தச் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் படகு என்றால், அடுத்த சனிக்கிழமை பிற்பகலாக இருக்கலாம். நம் ஆட்கள் தேதியை முதலில் முடிவு செய்து, அறைக்குப் பணம் கட்டி, கடைசியில் படகு நேரம் கேட்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். "இந்த நான்கு வார இறுதிகளில் எதில் போகும் படகு காலையிலும் திரும்பும் படகு மதியத்துக்கு மேலும் இருக்கிறது?" என்று ரிசோர்ட்டுக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் கையில் அந்த மாத அட்டவணை இருக்கும். அந்த வாரத்தைப் பார்த்து லீவு போடுங்கள்.

காலைப் படகு கிடைத்தால் 3 மணிக்குத்தானே அறை, அதுவரை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்கிவிடலாம், பொதுக் கழிப்பறையில் உடை மாற்றிக்கொள்ளலாம். நீந்தும் உடை, துண்டு, சன்ஸ்கிரீன், பிள்ளைகளின் மாற்றுடை எல்லாம் பெரிய பெட்டியின் அடியில் இல்லாமல் கைப்பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி 28 மணி நேரம் 32 ஆகும், ஒரு காசு கூடுதல் செலவில்லாமல்.

எந்த மாதம் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கடலுக்கும் ராசி இல்லை. நாம் லீவு எடுத்துப் பழகியதெல்லாம் தீபாவளிக்கு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு, பொங்கல் தைப்பூசத்துக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. கிழக்குக் கரைக் கடல் கொந்தளிக்கும், பல ரிசோர்ட்டுகள் கதவையே மூடிவிடும். போனஸ் பணம் கையில் இருக்கிற டிசம்பரில் தீவு மூடிக் கிடக்கும். 2026-லிருந்து பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறையும் பழையபடி அந்த மழைக் காலத்தில்தான் விழுகிறது. ஆக, மே இறுதி, ஜூன் மாதப் பள்ளி விடுமுறை அல்லது மார்ச், ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு வார இறுதி. அக்டோபரில் சிலர் துணிந்து போவார்கள். நான் பிள்ளைகளை வைத்துக்கொண்டு துணிய மாட்டேன்.

ஜொகூர்க்காரர்களுக்கு முன்பு ஒரு நல்ல வசதி இருந்தது. 2014-லிருந்து நமக்கு வெள்ளி, சனி வார விடுமுறை. வியாழன் சாயந்திரம் கிளம்பினால் கோலாலம்பூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் அலுவலகத்தில் இருப்பார்கள், தீவு பாதி காலியாக இருக்கும். 2025 ஜனவரி 1 முதல் நமக்கும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பாலம் தாண்டி வேலை செய்கிறவருக்கும் இங்கே பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைக்கிறது. மாசாய்ச் சகோதரி வீட்டுக்கு இது பெரிய விஷயம். ஆனால் தீவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறோம். முடிந்தால் ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்புங்கள். சிங்கப்பூர்க் கூட்டம் இறங்கி வரும் படகுத்துறையில் நீங்கள் ஏறிப் போவீர்கள். வார நாள் வாடகை பல இடங்களில் குறைவு, காலைச் சாப்பாட்டுக்கு வரிசையும் இருக்காது. சிங்கப்பூர் தேசிய தினமான ஆகஸ்ட் 9, நம் மெர்டேக்காவான ஆகஸ்ட் 31, இவற்றை ஒட்டிய வார இறுதிகளைத் தவிர்த்துவிடலாம். மார்ச் 23 ஜொகூர் சுல்தான் பிறந்தநாள் விடுமுறை, நம் மாநிலத்துக்கு மட்டும். நோன்புப் பெருநாளோடு சேர்ந்து வராத ஆண்டில் அது நல்ல நாள்.

சரி, எந்தத் தீவு? வசதியாக, சொகுசாக என்ற சொல்லுக்கு மெர்சிங் பக்கத்தில் இரண்டு பெயர்கள் முன்னால் வரும்.

ஒன்று ராவா. சின்னத் தீவு, வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். முக்கிய ரிசோர்ட் ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்களுடையது. கடலுக்குள் நேரே வழுக்கி விழும் சறுக்குமரம் ஒன்று அங்கே உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நட்சத்திரம் என்றால் அதுதான், அறையில் பஞ்சுமெத்தை எத்தனை அங்குலம் என்று அது பார்க்காது. அதே தீவில் அலாங்ஸ் என்ற எளிமையான தங்குமிடமும் இருக்கிறது. கடல் ஒன்றுதான், வாடகை வேறு.

இன்னொன்று தெங்கா தீவு. அங்கே பத்து பத்து என்ற ரிசோர்ட், மர வீடுகள். அதிகச் சத்தம் இருக்காது. தம்பதிகளுக்கு ராவாவைவிட இதைச் சொல்வேன். அதோடு சேர்ந்த கடல் பாதுகாப்புக் குழு ஒன்று ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. பச்சை ஆமையும் அழுங்காமையும் முட்டையிட வரும் கரை அது. ஆண்டின் நடுப்பகுதியில் போகிறவர்களுக்குக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு; ஆனால் எந்த நாள் என்று ஆமைதான் முடிவு செய்யும்.

தெங்காவுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது, விளம்பரப் படங்களில் வராத கதை. 1970-களின் பிற்பகுதியில் வியட்நாமிலிருந்து உயிர் பிழைக்கப் படகுகளில் வந்தவர்களைத் தங்கவைத்த இடங்களில் இந்தத் தீவும் ஒன்று. திரங்கானுவின் பீடோங் தீவு எல்லோருக்கும் தெரியும். நம் ஜொகூரிலும் ஒரு முகாம் இருந்தது பலருக்குத் தெரியாது. வாரக்கணக்கில் கடலில் கிடந்து, கொள்ளையருக்கும் புயலுக்கும் தப்பி இந்தக் கரையில் இறங்கிய குடும்பங்கள், எந்த நாடு நம்மை எடுத்துக்கொள்ளும் என்று இங்கே காத்துக் கிடந்திருக்கின்றன. பிறகு வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, ஆளில்லாத் தீவில் உயிர் பிழைக்கும் போட்டி நிகழ்ச்சியை இங்கேயே எடுத்தார்கள். இப்போது சொகுசு மர வீடுகள். நம் தாத்தா பாட்டிகளும் கப்பலேறி வந்தவர்கள்தான். சாயந்திரம் மணலில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், பள்ளிப் பாடத்தில் வராது.

பெசார் தீவு, சிபு, திங்கி எல்லாம் குடும்பத்தோடு போக நல்லவை, விலையும் இறங்கும். சிபுவுக்கு மெர்சிங் வரை போக வேண்டியதில்லை, தஞ்சோங் லெமானிலேயே படகு. அவுரும் பெமாங்கிலும் தொலைவு. இரண்டு இரவுக்கு வேண்டாம். தியோமானுக்கும் மெர்சிங்கிலிருந்துதான் படகு என்றாலும் அது பகாங் மாநிலம், பெரிய தீவு, படகில் அதிக நேரம். மூன்று இரவாவது இருந்தால் யோசிக்கலாம்.

இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல், சுல்தான் இஸ்கந்தார் கடல் பூங்கா. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கக் கூடாது, பவளம், சிப்பி எதையும் எடுக்கக் கூடாது. தூண்டிலோடு வரும் மாமாவை வீட்டிலேயே தடுத்துவிடுங்கள். கடல் பூங்காக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை தனியாகக் கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள்.

இனி ஒரு விஷயம், இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். நம்மில் நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது. தோட்டத்தில் ஆற்றில் குதித்து வளர்ந்த தலைமுறைக்குத் தெரியும். அடுக்குமாடியில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழம் குறைவாகத் தெரியும், இடுப்பளவு என்று நினைத்து இறங்கினால் கழுத்துக்கு வரும். நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் இதே மெர்சிங் கடலில் பயிற்றுநரோடு முக்குளிக்கப் போன நால்வர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். மூவர் மீட்கப்பட்டார்கள், 14 வயதுப் பையன் ஒருவன் திரும்பவில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை.

அதனால் முன்பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் எடையைச் சொல்லி, அந்த அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர் அளவை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போட்டால் ஜாக்கெட் மேலே ஏறும், பிள்ளை கீழே இறங்கும். படகில் ஏறியதும் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்நோர்கலிங் போகும்போது கழற்றவே வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை. அம்மா, அத்தை யாராவது சேலையோடு அலையில் இறங்கப் பார்த்தால் தடுங்கள். ஈரச் சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், முழங்கால் தண்ணீரிலேயே விழுவார்கள். ஒரு பழைய சுரிதார் போதும்.

வயதானவர்களைக் கூட்டிப் போவதானால் இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். படகிலிருந்து படிக்கட்டில் ஏற வேண்டுமா, தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டுமா? அறை தரைமட்டத்தில் கிடைக்குமா? அறையில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா? கடைசிக் கேள்வி இன்சுலினுக்காக. தீவில் மருத்துவமனை கிடையாது, அருகில் இருப்பது மெர்சிங் மருத்துவமனை, நடுவில் கடல். மருந்தை ஒரு நாள் கூடுதலாகவே எடுத்துப் போங்கள், கடல் கொந்தளித்துப் படகு நின்றால் மாத்திரை நிற்கக் கூடாது. முட்டி வலிக்கிறது, நான் எதற்கு என்று அம்மா சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டுப் போகாதீர்கள். தரைமட்ட அறையும் நிழலில் ஒரு நாற்காலியும் கிடைக்கிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சாப்பாடு. தீவில் வேறு கடை கிடையாது, ரிசோர்ட் போடுவதுதான். வாடகையில் மூன்று வேளையும் சேர்த்தியா, பசியாறல் மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். விலையை ஒப்பிடும்போது இதைப் பார்க்காமல் மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். சைவம் என்றால் வெறுமனே சைவம் என்று சொன்னால் போதாது. கங்கோங் கீரை வரும், பெலாச்சானோடு வரும். சிப்பிச் சாறு, மீன் சாறு, முட்டை எல்லாவற்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் அப்படியே. செப்டம்பர் பாதியில் போகிறவர்களுக்குப் புரட்டாசி தொடங்கிவிடும், மறந்துவிடாதீர்கள். கொஞ்சம் ஊறுகாயும் பருப்புப் பொடியும் பெட்டியில் போட்டுக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

பணம் கட்டும் இடத்தில் நிதானம் வேண்டும். முகநூலில் "ராவா 2 இரவு, 4 பேர், எல்லாம் சேர்த்து 799" என்கிற மாதிரி ஒன்று கண்ணில் படும். உங்கள் சேமிப்பு போய்விடும் இடம் அதுதான். சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும்; உரிம எண்ணைக் கேட்டு அமைச்சின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அதைவிட நல்லது, ரிசோர்ட்டுக்கே நேராகத் தொலைபேசி செய்து கேட்பது. முன்பணம் கட்டும்முன், கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஏதாவது தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும்.

டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்கிறவர்கள் தீவை விட்டுவிட்டு டெசாரு பக்கம் பாருங்கள். படகு கிடையாது, ஏற்ற வற்றக் கணக்குக் கிடையாது. செனாய் டெசாரு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட. வெஸ்டின், அனந்தாரா, ஹார்ட் ராக் என்று வரிசையாக இருக்கின்றன. 2020-இல் ஒன் அண்ட் ஒன்லி என்ற பெயரில் திறந்த ரிசோர்ட் அதில் உச்சம், விலையும் உச்சம். மழை பெய்தால் அறையிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மாதங்களில் அங்கேயும் கடலில் இறங்குவதற்கு முன் சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசாய்ச் சகோதரியின் 6,000-க்கு வருகிறேன். அறைக்கு 3,540 போனால் 2,460 மிச்சம். படகு, பெட்ரோல், கார் நிறுத்துமிடம், சாப்பாடு சேராவிட்டால் சாப்பாடு, ஒரு ஸ்நோர்கலிங் பயணம், எல்லாம் அதில் அடங்கும். கொஞ்சம் திரும்பியும் வரும். இரண்டு ஷிஃப்டும் ஒரு பாலமும் பிரித்து வைத்திருக்கிற நான்கு பேரும் அந்த 28 மணி நேரம் ஒரே இடத்தில் இருப்பார்கள். கணவர் முதல் நாள் பகல் முழுக்கத் தூங்கினால் எழுப்ப வேண்டாம். அவருடைய பங்கு மணி நேரத்தை அவர் அப்படித்தான் செலவழிப்பார்.

கோத்தா திங்கி, மெர்சிங் சாலையில் இரவில் ஓட்டாதீர்கள். செம்பனைக்கும் காட்டுக்கும் நடுவே போகும் சாலை, யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. பல இடங்களில் விளக்கு கிடையாது. அதனால் திரும்பும் நாளில் படகு பிற்பகல் 2, 3 மணிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், வெளிச்சத்திலேயே கோத்தா திங்கியைத் தாண்டிவிடலாம். ஜூன் விடுமுறைக்கு அறைகள் சீக்கிரம் நிரம்பும். ரிசோர்ட்டுக்கு இன்றைக்கே எழுதுங்கள். வாடகை எவ்வளவு என்பதை இரண்டாவது வரியில் கேட்கலாம். முதல் வரியில் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.